ஏர் ஃப்ரையரில் டேனிஷ் கிரான்சகேயே

டிசம்பர் 31 நள்ளிரவில் கோபன்ஹேகன் நகர மன்றக் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது, டென்மார்க்கில் வீட்டுக்கு வீடு ஷாம்பெயினோடு பரிமாறும் இனிப்பு கிரான்சகேயே. திருமணங்களில் இதே மாவை வளையங்களாகச் சுட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகக் கோபுரம் போல அடுக்குவார்கள். கொம்பு வடிவத்தில் அடுக்கி, அதன் வாய்க்குள் சாக்லேட்டும் சின்னச் சின்ன இனிப்புகளும் நிரப்பி வைப்பதும் உண்டு. பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் ஆண்டு முழுவதும் கிடைப்பது இதன் எளிய வடிவம்: விரல் நீளத்தில் முக்கோணப் பட்டை, மேலே வளைந்து வளைந்து ஓடும் வெள்ளை ஐசிங் கோடுகள், அடியில் சாக்லேட். ஏர் ஃப்ரையருக்குப் பொருத்தமானது இந்தப் பட்டைதான்.

மாவுக்கு மூன்றே பொருள்கள்: மர்சிபான் (பாதாமும் சர்க்கரையும் அரைத்துப் பிசைந்த கட்டி), சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு. மைதா இல்லை, வெண்ணெய் இல்லை, உப்ப வைக்கும் பொடி எதுவும் இல்லை. உப்ப வேண்டியதில்லை என்பதால் ஏர் ஃப்ரையரின் காற்று இதற்குக் கெடுதல் செய்வது குறைவு. சிறிது நேரம், மேலிருந்து வலுவான சூடு, வெளியே மெல்லிய பொன்னிற ஓடு, உள்ளே மெல்ல மெல்ல இழுபடும் ஈரம்: கிரான்சகேயே கேட்பது இவ்வளவுதான். ஏர் ஃப்ரையர் இதில் முதல் மூன்றையும் தாராளமாகத் தரும். நான்காவதை அது பறிக்கப் பார்க்கும். கீழே சொல்லும் அளவும் நேரமும் பெரும்பாலும் அந்த ஈரத்தைக் காப்பாற்றுவதற்காகவே.

மர்சிபான் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது

டென்மார்க்கில் இதற்கு வாங்குவது சமையலுக்கான கச்சா மர்சிபான். அதில் பாதாமின் பங்கு 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும், மீதி சர்க்கரையும் கொஞ்சம் ஈரமும். 1909 முதல் ஓடென்சே நகரில் மர்சிபான் செய்துவரும் நிறுவனத்தின் கட்டிகள்தான் அங்கே பெரும்பாலான வீடுகளில் இருக்கும். கேக்கின் மேல் போர்த்தவும் பொம்மை செய்யவும் விற்கும் வெள்ளை மர்சிபான் வேறு சரக்கு. அதில் சர்க்கரையே அதிகம், பாதாம் கால் பங்குதான் இருக்கலாம். அதைச் சுட்டால் சர்க்கரை உருகி, பட்டை தட்டையாகப் பரவிவிடும். பொட்டலத்தின் பின்னால் பொருள் பட்டியலைப் பாருங்கள். பாதாம் முதலில் வர வேண்டும், 50 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சர்க்கரை முதலில் வந்தால் வாங்காதீர்கள். பாதாமுக்குப் பதில் ஆப்ரிகாட் பழக்கொட்டைப் பருப்பில் செய்யும் மலிவான சரக்கும் உண்டு. அதன் கசப்பு சூட்டில் தூக்கலாகத் தெரியும். இந்தியாவில் கிறிஸ்துமஸ் நேரத்தில் கிடைக்கும் மர்சிபான் பல இடங்களில் முந்திரியில் செய்தது. தின்ன நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இந்த மாவுக்கு மிக மென்மை, முக்கோணம் நிற்காது.

நல்ல மர்சிபான் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்வது மேல். 400 கிராமுக்குத் தேவை: தோல் நீக்கிய பாதாம் 250 கிராம், ஐசிங் சுகர் 130 கிராம், வெள்ளைக்கரு 20 கிராம், பாதாம் எசன்ஸ் நான்கைந்து சொட்டு. பாதாமைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு வடித்தால் தோல் விரலில் பிதுக்கியதும் கழன்றுவிடும். பிறகு துணியில் பரப்பி ஓர் இரவு முழுக்க உலர விடுங்கள். ஈரப் பாதாமை அரைத்தால் பொடியாகாமல் விழுதாகிவிடும். அந்த ஈரம் கடைசி வரை மாவைத் தளர்த்திக்கொண்டே இருக்கும்.

அரைக்கும்போது பாதாமோடு பாதி ஐசிங் சுகரைச் சேர்த்தே மிக்சியில் போடுங்கள். கசியும் எண்ணெயைச் சர்க்கரை பிடித்துக்கொள்ளும். ஐந்து நொடி ஓட்டி நிறுத்தி, ஓரங்களை வழித்துவிட்டு, மறுபடி ஐந்து நொடி. தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகும், பாதாம் எண்ணெய் விடும், மர்சிபான் கையில் பளபளவென்று ஒட்டும். அப்படி ஆகிவிட்டால் ஒரு தேக்கரண்டி குளிர்ந்த தண்ணீர் விட்டுப் பிசைந்து பாருங்கள், ஓரளவு சேர்ந்து வரும். பொடி ரவையைவிட மெல்லிதாக வந்ததும் மீதிச் சர்க்கரை, வெள்ளைக்கரு, எசன்ஸ் சேர்த்து, ஒன்றாகத் திரளும் அளவுக்கு மட்டும் பிசைந்து, காற்றுப் புகாமல் சுற்றி ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மர்சிபானின் அந்தத் தனி மணம் கசப்புப் பாதாமிலிருந்து வருவது. ஆனால் பச்சைக் கசப்புப் பாதாம் உடலுக்குள் சயனைடு உண்டாக்கும், அதை வீட்டில் கையாள வேண்டாம். எசன்ஸ் போதும்.

மாவு

சுமார் 14 பட்டைகளுக்கு:

மர்சிபான் 400 கிராம்
பொடித்த சர்க்கரை 120 கிராம்
வெள்ளைக்கரு 55 கிராம் (வீட்டு மர்சிபான் என்றால் 45 கிராம்)
உப்பு ஒரு சிட்டிகை

வெள்ளைக்கருவைத் தராசில் நிறுத்தே எடுங்கள். ஒரு முட்டையில் 30 கிராம் அளவு வரும் என்றாலும் முட்டைக்கு முட்டை மாறும். இந்த மாவில் 10 கிராம் கூடினாலே பட்டை அடியில் பரந்து உட்காரும்.

கிண்ணத்தில் வெள்ளைக்கரு, சர்க்கரை, உப்பு மூன்றையும் போட்டு, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கரண்டியால் கிளறுங்கள். விரலிடையே தேய்த்தால் நறநறப்பு இல்லாமல் இருக்க வேண்டும், தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவே. 45 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள். கரையாத சர்க்கரை பிறகு கூடையின் சூட்டில் உருகி மாவைச் சரியவைக்கும், அதைத் தடுக்கவே இந்தப் படி. வெள்ளைக்கருவை நுரைக்க அடிக்கவே கூடாது. அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து மேலோட்டைப் பிளக்கும், ஆறும்போது உள்ளே பொள்ளலாகிவிடும்.

மர்சிபானைத் துருவி இதில் மூன்று தவணையாகச் சேர்த்துப் பிசையுங்கள். துருவாமல் கட்டியாகப் போட்டால் கட்டி கரையாது, அதைக் கரைக்கவென்று இன்னும் வெள்ளைக்கரு ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள். முடிந்த மாவு கொழுக்கட்டை மாவைவிடச் சற்றே ஒட்டும் பதத்தில் இருக்கும். இப்போது உருட்ட வராது, வரவும் கூடாது. காற்றுப் புகாமல் மூடி, குறைந்தது மூன்று மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, குளிர்சாதனப் பெட்டியில் விடுங்கள். பாதாம்பொடி ஈரத்தை மெல்ல உறிஞ்சி மாவு இறுகும். சுடுவதற்கு முன் செய்யும் வேலைகளில் இதைத்தான் பலர் குறுக்குகிறார்கள். ஊறாத மாவில் எந்தக் கருவியாலும் முக்கோணத்தை நிறுத்த முடியாது.

முக்கோணம்

மேசையில் மாவு தூவ வேண்டாம், கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். மாவை 40 கிராம் உருண்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 8 செ.மீ. நீள உருளையாக்குங்கள். பேக்கரிகளில் இதைவிடப் பெரிதாகச் செய்வார்கள். ஏர் ஃப்ரையரில் பெரிய பட்டையின் மேற்பகுதி கருகும்போது நடு இன்னும் பச்சையாக இருக்கும், அதனால் 40 கிராமே நல்லது.

உருளையைக் காகிதத்தின் மேல் வைத்து, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் சாய்வாக அழுத்தி மேலே ஒரு முகடு வரச் செய்யுங்கள். அடி 3 செ.மீ., உயரம் 2.5 செ.மீ. அளவு இருக்கட்டும். முகட்டைக் கத்திபோல் கூராக்காமல் நனைந்த விரலால் ஒரு தடவை நீவி மழுக்கிவிடுங்கள், கூரான முகடுதான் முதலில் கருகும். விரிசல் தெரிந்தால் அதே ஈர விரலால் மூடுங்கள். இந்த வடிவம் அழகுக்கு மட்டுமல்ல. முகடு நன்றாகப் பொரிந்து மணக்கும், அகன்ற அடி மென்மையாகவே இருக்கும், ஒரு கடியில் இரண்டும் வாயில் விழும். பட்டைகளை 20 நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு நேராகக் கூடைக்கு மாற்றுங்கள். உள்ளே குளிர் இருக்கும்வரை நடு வறளாது.

ஏர் ஃப்ரையர்

கூடையின் அடியைவிட ஒரு விரல் குறைவாகப் பேக்கிங் காகிதம் வெட்டி, முள்கரண்டியால் அங்கங்கே துளையிடுங்கள். துளை இல்லாவிட்டால் அடியில் காற்று போகாமல் பட்டையின் அடி வெளுத்து ஈரமாக நிற்கும். கடையில் பட்டர் பேப்பர் என்று கேட்டால் சில நேரம் சிலிகான் பூச்சில்லாத காகிதத்தைத் தருவார்கள். சர்க்கரை அதில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். பூச்சுள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். கூடையை முன்சூடு செய்யும்போது காகிதத்தை மட்டும் உள்ளே வைக்கக் கூடாது. எடை இல்லாத காகிதம் காற்றில் எழும்பி, மேலிருக்கும் சூட்டுக் கம்பியில் பட்டுத் தீப்பிடிக்கும். பட்டைகளோடு சேர்த்தே இறக்குங்கள்.

175 டிகிரியில் நான்கு நிமிடம் முன்சூடு. பட்டைகளை இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள், 4 முதல் 5 லிட்டர் கூடையில் ஐந்து அல்லது ஆறுதான் பிடிக்கும். உள்ளே வைத்ததும் 165 டிகிரிக்குக் குறைத்து 8 நிமிடம் வையுங்கள். ஆறாவது நிமிடத்தில் திறந்து பார்ப்பது கட்டாயம், பின்பக்கம் வேகமாகச் சிவந்தால் காகிதத்தோடு திருப்பிவிடுங்கள். சாதாரண அவனில் இதை 200 டிகிரியில் சுடுவது வழக்கம். அதே எண்ணை இங்கே வைத்தால், காற்று மேற்பரப்பை நாலு நிமிடத்திலேயே கருக்கிவிடும். கண்ணாடிக் கதவுள்ள அவன் வகை ஏர் ஃப்ரையர் என்றால் நடுத்தட்டில் 170 டிகிரி, 9 முதல் 10 நிமிடம்.

எடுக்கும் நேரத்தை முகட்டின் நிறத்தை வைத்து முடிவு செய்யுங்கள். முகடு தேன் நிறம், சரிவுகள் வெளிர் மஞ்சள், அழுத்தினால் நடு இன்னும் குழைகிறது என்றால் எடுத்துவிட வேண்டும். வேகவில்லையோ என்று தோன்றும், ஆனால் ஆறும்போது சர்க்கரை இறுகித் தானே கெட்டிப்படும். கூடைக்குள்ளேயே கெட்டியாகும்வரை விட்டால் ஆறியபின் பல்லுக்குத்தான் வேலை. சந்தேகமிருந்தால் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். நடுவில் 75 டிகிரி காட்டினால் வெள்ளைக்கருவும் பத்திரமாக வெந்திருக்கும்.

காகிதத்தோடு கூடையிலிருந்து இழுத்துக் கம்பித் தட்டில் வையுங்கள். பத்து நிமிடம் தொடாதீர்கள், சூட்டில் எடுத்தால் நடுவில் ஒடியும். அடுத்த தவணைக்கு முன்சூடு வேண்டாம். கூடை ஏற்கெனவே சூடாக இருப்பதால் அது ஒரு நிமிடம் முன்னதாகவே தயாராகிவிடும்.

கோடும் சாக்லேட்டும்

ஐசிங்குக்கு 30 கிராம் வெள்ளைக்கருவில் 150 கிராம் ஐசிங் சுகரைச் சலித்துச் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் அடியுங்கள். இது சுடாமல் உண்பது, அதனால் பாஸ்ச்சரைஸ் செய்த (கிருமி நீங்கச் சூடாக்கிய) வெள்ளைக்கரு வேண்டும். டென்மார்க்கில் அட்டைப்பெட்டியில் கிடைக்கிறது. கிடைக்காத இடத்தில் மெரிங் பவுடரை, அதாவது உலர்ந்த வெள்ளைக்கரு கலந்த பொடியை, தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்தலாம். வெறும் தண்ணீரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் குழைத்தால் கோடு வரும், ஆனால் வெள்ளை அவ்வளவு பளிச்சென்று இராது. பதம் இப்படி: கரண்டியிலிருந்து விழும் கோடு பத்து எண்ணும்வரை கலையாமல் நிற்க வேண்டும். ஐசிங்கைக் காகிதக் கோனில் நிரப்பி, அதன் நுனியில் 1 மி.மீ. மட்டும் வெட்டி, பட்டையின் ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்கு நெருக்கமாக வளைத்து வளைத்து ஓட்டுங்கள். கை நிற்காமல் போனால் கோடு சீராக வரும், யோசித்து யோசித்துப் போட்டால் முடிச்சு முடிச்சாக விழும். பட்டை முழுக்க ஆறிய பிறகே போடுங்கள், சூட்டில் ஐசிங் உருகி வழியும்.

சாக்லேட் 150 கிராம், 55 முதல் 60 சதவீதக் கறுப்புச் சாக்லேட்டாக இருக்கட்டும். உள்ளே இருக்கும் இனிப்புக்கு அந்தக் கசப்பு தேவை, பால் சாக்லேட் திகட்டும். முக்கால் பங்கை 45 டிகிரிக்கு உருக்கி, மீதியைப் பொடித்துப் போட்டுக் கிளறி 28 டிகிரிக்கு ஆறவிட்டு, மறுபடி 31 டிகிரிக்கு ஏற்றுங்கள். இந்தப் படியைத் தவிர்த்தால் சாக்லேட் உறைந்ததும் மங்கி, வெள்ளைத் திட்டுகள் படரும். பட்டையின் அடியை மட்டும் தோய்த்து, காகிதத்தில் வைத்து இறுக விடுங்கள். சிலர் இரு முனைகளைத் தோய்ப்பார்கள். அடியைத் தோய்ப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. அடிப்பக்கம்தான் முதலில் உலரும், சாக்லேட் அதை மூடிவிடுகிறது.

தவறுகளும் காரணங்களும்

முகடு கருத்து நடு பச்சையாக இருந்தால் சூடு அதிகம் அல்லது பட்டை பருமன். 10 டிகிரி குறைத்து இரண்டு நிமிடம் கூட்டுங்கள். ஏர் ஃப்ரையர்களில் திரை காட்டும் எண்ணும் உள்ளிருக்கும் உண்மையான சூடும் பொருந்தாமல் இருப்பது சகஜம், முதல் தவணையில் இரண்டே பட்டை வைத்துச் சோதிப்பது புத்திசாலித்தனம்.

பட்டை பரவித் தட்டையானால் காரணம் நான்கில் ஒன்று: வெள்ளைக்கரு கூடியது, மாவு ஊறவில்லை, குளிராமல் வைத்தது, மர்சிபானில் சர்க்கரை மிகுதி. முதல் மூன்றும் இனிச் சரிசெய்யக்கூடியவை. மீதி மாவில் 20 கிராம் பாதாம்பொடி பிசைந்து இன்னொரு மணி நேரம் குளிரவையுங்கள். நான்காவதற்கு மருந்து இல்லை. அந்த மாவைச் சின்னச் சின்ன உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு முழுப் பாதாமை அழுத்திச் சுட்டுவிடுங்கள்.

வறண்டு கல்லாகிவிட்டால் எறிய வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் பட்டைகளோடு ஒரு துண்டு ரொட்டியை வைத்து மூடினால் அடுத்த நாள் ஈரம் திரும்பி வந்திருக்கும். இன்னும் நல்ல வழி ஃப்ரீசர். டென்மார்க்கில் நன்றாக வந்த கிரான்சகேயேயைக்கூட வேண்டுமென்றே உறையவைத்து எடுப்பவர்கள் நிறைய. உறைந்து உருகியபின் நடு இன்னும் இழுவையாகிறது. புத்தாண்டுக்கு வேண்டும் என்றால் டிசம்பர் நடுவிலேயே சுட்டு, ஐசிங் இல்லாமல் உறையவைத்து, 31 காலையில் வெளியே எடுத்து, மாலையில் கோடு போடலாம். டப்பாவில் என்றால் ஐந்தாறு நாள் தாங்கும். ஈரக்காற்றில் திறந்து வைத்தால் சில மணி நேரத்திலேயே மேலோடு பிசுபிசுக்கும், ஐசிங் கோடும் இளகும்.

சின்னக் கோபுரம்

முழுத் திருமணக் கோபுரத்துக்கு 18 வளையங்கள் வைப்பது வழக்கம். அதன் அடிவளையம் கூடைக்குள் போகாது. 20 செ.மீ. கூடையில் 11 வளையக் கோபுரம் செய்ய முடியும். 500 கிராம் மர்சிபான், 150 கிராம் சர்க்கரை, 70 கிராம் வெள்ளைக்கருவில் மாவு பிசைந்து, ஒன்றரை செ.மீ. தடிமனில் கயிறுகளாக உருட்டுங்கள். முதல் கயிறு 12 செ.மீ., அடுத்தது 15, பிறகு 18 என்று மும்மூன்று கூட்டி 42 செ.மீ. வரை வெட்டுங்கள். இந்த 3 செ.மீ. ஏற்றம் மாறக் கூடாது, மாறினால் கோபுரத்தில் இடுப்பு விழும். முனைகளை ஈர விரலால் இணைத்து வட்டமாக்கி, மேல்பக்கத்தைக் கிள்ளி முகடாக்குங்கள். 42 செ.மீ. வளையம் சுமார் 15 செ.மீ. குறுக்களவு வரும். அதன் நடுவே மிகச் சிறிய வளையத்தை வைத்து இரண்டையும் ஒரே தவணையில் சுடலாம், ஆனால் சிறியதை ஒரு நிமிடம் முன்பே எடுத்துவிடுங்கள். எல்லாம் ஆறியபின் பெரியதிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வளையத்திலும் ஐசிங்கைக் கோடாகப் போட்டு அடுத்ததை அதன்மேல் அமர்த்துங்கள். அதுவே பசை, அதுவே அலங்காரம். கடைசியில் சிறிய டேனிஷ் கொடிகளைச் செருகுவார்கள்.

மசாரினும் மற்றவையும்

மர்சிபான் மிச்சமிருந்தால் மசாரின். இதுவும் டேனிஷ் பேக்கரிகளில் அன்றாடம் கிடைப்பது, ஆனால் இது கேக் வகை. மர்சிபான், சர்க்கரை, வெண்ணெய் மூன்றும் சம எடை என்பதே இதன் சூத்திரம்: தலா 100 கிராம், இரண்டு முட்டை, 30 கிராம் மைதா. துருவிய மர்சிபானையும் சர்க்கரையையும் முதலில் தேய்த்துக் கலந்து, மென்மையான வெண்ணெய் சேர்த்து, முட்டைகளை ஒவ்வொன்றாக அடித்து, கடைசியில் மைதாவைக் கலக்குங்கள். 7 செ.மீ. அச்சுகள் எட்டில் முக்கால் பங்குக்குக் குறைவாக ஊற்றி, 155 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள். இந்த மாவு தளர்வானது, காற்று மேற்பரப்பை ஒரு பக்கம் தள்ளிச் சாய்த்துவிடும். முதல் பத்து நிமிடம் அச்சுகளை அலுமினியத் தாளால் இறுக்கமாக மூடி, பிறகு திறந்து நிறம் வரவிடுங்கள். ஆறியதும் மேலே சாக்லேட்டைத் தடவினால் போதும்.

மர்சிபான் பூரணம் வைத்து மடிக்கும் வீனர்ப்ரோ அடுக்கு ரொட்டிகளை வீட்டு மாவில் ஏர் ஃப்ரையரில் சுட முயல வேண்டாம். காற்று மேலடுக்கைத் தூக்கிப் பிரிக்கும். வெண்ணெயும் பூரணமும் கூடைக்குக் கீழே ஒழுகிப் புகையும். கடையில் உறைந்த நிலையில் வாங்கியதைச் சூடாக்கிச் சுட மட்டும் 165 டிகிரியில் இந்தக் கருவி போதும். அடுக்கு மாவு பிசைந்து மடிக்கும் அளவுக்குப் பாடுபடுகிறவர்கள் அதைச் சாதாரண அவனிலேயே வையுங்கள்.